காதக்கா கேட்டது

அந்தப் பெட்டி ஒரு சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கறுப்பு நிறம். முன்பக்கத்தில் ஒரே ஒரு திருகு, அதன் பக்கத்தில் ஹெட்ஃபோன் செருகும் துளை, பச்சையாக எரியும் ஒரு பொட்டு விளக்கு. ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய பேரங்காடியின் மூன்றாவது மாடியில், கைப்பேசி உறை விற்கும் கடைகளுக்கு நடுவே ஒடுங்கியிருந்த ஒலிச்சாதனக் கடையின் கண்ணாடி அலமாரியில் அது இருந்தது. ஹெட்ஃபோனுக்கென்றே செய்யப்பட்ட ஆம்ப்ளிஃபையர். விலை அறுநூற்று எண்பது மலேசிய வெள்ளி. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அதையே பார்த்து நின்ற, என்னோடு வேலை பார்க்கும் அக்கா, என் பக்கம் திரும்பாமல், "இத வாங்குனா பிரயோஜனம் இருக்குமா தம்பி? சும்மா அலங்காரத்துக்குன்னா வேணாம்" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பினாங்கிலேயே தகுதியானவன் நான்தான் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. பதிலைச் சரியாகத்தான் சொன்னேன். அந்தச் சரியான பதிலிலிருந்து தொடங்கியதைத்தான் ஏழு வருடம் கழித்து இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் புக்கிட் தெங்காவில் ஹெட்ஃபோன் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கும் இடம். எங்கள் பெயர் எந்தப் பெட்டியிலும் இருக்காது. நான் அளவுக்கருவிகள் பிரிவில் டெக்னீஷியன். அக்கா கடைசிச் சோதனையில் இருந்தார். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, வரிசையில் வரும் ஒவ்வொரு ஹெட்ஃபோனையும் தலையில் மாட்டிக் கேட்க வேண்டும். அடித்தொண்டை முனகலில் தொடங்கி விசில்போல உச்சிக்கு ஏறும் ஒரே ஒலி, எட்டு வினாடி ஓடும். அதற்குள் எங்காவது ஒரு கரகரப்பு, தளர்ந்த திருகின் அதிர்வு, தூசி உரசும் சத்தம் இருந்தால் சிவப்புத் தட்டு. இல்லாவிட்டால் பச்சைத் தட்டு. ஒரு ஷிஃப்டுக்கு எழுநூறு, எண்ணூறு ஹெட்ஃபோன்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவர் அந்த நாற்காலியில் பதினாறு வருடம் முடித்திருந்தார். வாடிக்கையாளர்களிடமிருந்து ஏதாவது திரும்பி வந்தால், சோதித்தவர் எண்ணை முதலில் பார்ப்பார்கள். அவருடைய எண் அதில் இருந்ததேயில்லை. தொழிற்சாலை முழுவதும் அவருக்குப் பெயர் காதக்கா. மலாய்ப் பெண்கள் அதுதான் அவருடைய உண்மையான பெயர் என்றே நினைத்திருந்தார்கள்.

அவர் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மகளோடு இருந்தார். கணவர் எப்போதோ பிரிந்து போய்விட்டார். அதைப் பற்றி அவரும் பேச மாட்டார், நாங்களும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் கோயில் பஜனைக் குழுவில் ஜால்ரா தட்டுவார். பாடத் தெரியாது, தாளம் தப்பாது என்று தன்னைப் பற்றித் தானே சொல்வார். ஒரு திருவிழாவில் குழுவினர் பாடியதை யாரோ நன்றாகப் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். ஊழியர் விற்பனையில் வாங்கிய, இடப்பக்கம் கீறல் விழுந்த பெரிய ஹெட்ஃபோனைக் கைப்பேசியில் செருகி அதைத்தான் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கேட்பார். ஒருநாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, பதிவில் ஒரு குறை இருக்கிறது என்றார். மிருதங்கம் வருகிறது, குரல்கள் வருகின்றன, ஜால்ரா மட்டும் வரவில்லை. "நான் தட்டுன ஜால்ரா தம்பி. அது எங்க போச்சு?" என்று சிரித்தார். அந்த ஹெட்ஃபோன் கனமான வகை, கைப்பேசியின் சக்தி அதற்குப் போதாது, தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்று மகள் இணையத்தில் படித்துச் சொல்லியிருக்கிறாள். அது உண்மையா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

என்னிடம் கேட்டிருக்கவே கூடாது. அந்த நாட்களில் இணையக் குழுக்களில் இந்த விஷயத்துக்காக முகம் தெரியாத ஆட்களோடு மணிக்கணக்காகச் சண்டை போடுகிறவன் நான். ஆம்ப்ளிஃபையர் வைத்தால் பாட்டுக்கு ஆழம் கூடுகிறது, திரை விலகுகிறது என்றெல்லாம் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சத்தம் கொஞ்சம் கூடினாலே மனிதக் காது அதை நல்ல ஒலி என்று நம்பிவிடும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எது எதென்று சொல்லாமல் கேட்க வைத்தால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். இது என் கட்சி. அக்காவின் கைப்பேசியையும் ஹெட்ஃபோனையும் வாங்கி அளந்து பார்த்தேன். ஒலியை முக்கால்வாசி வைத்தாலே சாதாரணக் காதுக்குத் தாராளமாகப் போதும் என்று கருவி சொன்னது. அவர் முழுதாகக் கூட்டி வைத்திருந்தார். ஏன் முழுதாக வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் மற்ற எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இருந்தாலும் ஒரு சனிக்கிழமை அவரைக் கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரர் எனக்குப் பழக்கமான சீனர். அக்காவின் ஹெட்ஃபோனை அந்தக் கறுப்புப் பெட்டியில் மாட்டி, திருகை மெல்ல ஏற்றினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய வலக்கை விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன. ஹெட்ஃபோனைக் கழற்றியபோது முகம் மலர்ந்திருந்தது. "உயிர் வந்த மாதிரி இருக்கு தம்பி. ஜால்ராகூட லேசா வருது" என்றார். நான் கடைக்காரரின் விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். திருகு பாதியைத் தாண்டியிருந்தது. எனக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு. இதைத்தானே நான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உடனே வாங்க வேண்டாம், ஒழுங்காகச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லி, கடைக்காரரிடம் பெட்டியை இரண்டு நாள் இரவல் வாங்கினேன். அக்காவின் பணத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். உண்மையில் அவர் முகத்தில் இருந்த அந்த மலர்ச்சி தவறு என்று நிரூபிக்க ஆசைப்பட்டேன்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பிரிவின் அளவு அறையில் சோதனை வைத்தேன். மேசைக்குக் கீழே ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் கைப்பேசி நேராக, மறுபக்கம் ஆம்ப்ளிஃபையர் வழியாக. இரண்டும் ஒரே அளவில் வரும்படி கருவி வைத்துச் சரிபார்த்தேன். அக்கா பார்க்காதபடி பத்து முறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் இதுவா அதுவா என்று சொல்ல வேண்டும். அவர் நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். வேலையில் உட்கார்ந்திருப்பதுபோல முதுகை நிமிர்த்தி, அவ்வளவு கவனமாக. பத்தில் ஐந்து சரி, ஐந்து தப்பு. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அதேதான் வரும் என்று சொன்னேன். கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லியிருப்பேன். வாங்க வேண்டாம் அக்கா, பணத்துக்கு ஏற்ற பொருள் இல்லை, கடையில் நன்றாகக் கேட்டதற்குக் காரணம் அவர் சத்தத்தைக் கூட்டியது மட்டும்தான். என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சுவிட்சைக் கழற்ற ஆரம்பித்தேன்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "அப்ப ஜால்ரா? அது ரெண்டுலயும் இல்லையே" என்றார். நான் ஹெட்ஃபோனை வாங்கி என் தலையில் மாட்டிக்கொண்டேன். ஜால்ரா இருந்தது. இருந்தது என்ன, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, காதில் ஊசி குத்துவதுபோல் ஒவ்வொரு தட்டும் தெளிவாகக் கேட்டது. கைப்பேசியிலும் அப்படியே, ஆம்ப்ளிஃபையரிலும் அப்படியே. "நல்லாவே வருதேக்கா" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நானோ கருவியைத் திருப்பி வைத்து, தனித்தனி ஒலிகளை அனுப்புகிறேன், கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றேன். ஒரு தாளில் கட்டம் போட்டு, மேலே தேதியும் அவருடைய ஊழியர் எண்ணும் எழுதினேன். பழக்கதோஷம். கீழ் ஒலிகளுக்கெல்லாம் கை சட்டென்று உயர்ந்தது. நடு ஒலிகளுக்குக் கொஞ்சம் யோசித்து உயர்ந்தது. அதற்கு மேலே போனபோது கை மடியிலேயே இருந்தது. சத்தத்தை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். அவர் காதின்மேல் இருந்த ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த அந்த விசில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கையைத் தூக்கினார். அவருக்குக் கேட்கவில்லை. ஒலி போய்க்கொண்டிருக்கிறது என்பதை என் முகத்திலிருந்து தெரிந்துகொண்டார்.

ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று வருடமாகவே தனக்குச் சந்தேகம்தான் என்று சொன்னார். எப்படி வேலை செய்கிறார் என்பதையும் சொன்னார். கெட்டுப்போன ஹெட்ஃபோன்களில் முக்கால்வாசிக் குறை கீழ் ஒலியில்தான் வரும். அது அவருக்கு இன்றும் கேட்கும். சந்தேகம் வந்தால் இரண்டு விரல் நுனியை வெளிமூடியின்மேல் வைத்துப் பார்ப்பார். தளர்ந்த திருகோ உரசும் தூசியோ விரலுக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் இதுவரை ஒரு தப்பான ஹெட்ஃபோன்கூடப் போனதில்லை. அதைச் சொல்லும்போது குரலில் ஒரு வீம்பு இருந்தது. பிறகு, "தம்பி, இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். தாளைக் கிழிக்கவில்லை. மேசை இழுப்பறையில் வைத்தேன். பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த வருடம் எங்கள் பிரிவு ஒரு திட்டம் போட்டிருந்தது. கேட்கும் வேலையை ஆட்களிடமிருந்து எடுத்து, மைக் வைத்த ஓர் இயந்திரத்திடம் கொடுக்கும் திட்டம். அதைத் தயாரித்தவன் நான். இரண்டு முறை மேலிடம் திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாவது கூட்டத்தில் மேனேஜர், இப்போது இருக்கும் ஆட்கள் நன்றாகத்தானே செய்கிறார்கள், எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்டார். அறையில் ஒன்பது பேர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோப்பைத் திறந்தேன். அந்தத் தாள் கோப்பில் இருந்தது. தற்செயலாக இருந்தது என்று எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இழுப்பறையிலிருந்து எடுத்துக் கோப்பில் வைத்தது என் கைதான். மூத்த ஊழியர் ஒருவரின் காது சோதனை முடிவு என்று மட்டும் சொன்னேன், பெயர் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் அது யார் என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. விரல் நுனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய எண்ணில் ஒரு பொருள்கூடத் திரும்பி வந்ததில்லை என்பதையும் சொல்லவில்லை. தாளில் இருந்த ஒவ்வொரு எண்ணும் உண்மை. திட்டம் அன்றே ஒப்புதலானது.

நான்கு மாதத்தில் கண்ணாடி அறைகளைப் பிரித்தெடுத்தார்கள். கேட்கும் வேலையில் இருந்த ஆறு பேரையும் பத்து காவான் என்ற ஊரில் புதிதாகத் திறந்த கட்டடத்துக்கு, பெட்டி அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஜெலுத்தோங்கிலிருந்து பாலம் தாண்டி முன்பைவிட இன்னும் தூரம், அதிகாலையில் பஸ். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. அடுத்த வருடம் தாமாக விலகுகிறவர்களுக்கு ஒரு தொகை கொடுத்தபோது அக்கா கையெழுத்துப் போட்டு வெளியே போனார். எனக்கு இன்ஜினியர் பதவி கொடுத்தார்கள். பிரிவில் கேக் வெட்டினோம்.

அவர் போய் ஐந்தாறு மாதம் இருக்கும். பணியாளர் பிரிவிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அக்கா பெரியாஸ்பத்திரியில் காதைக் காட்டியிருக்கிறார். ஆண்டுக்கணக்கில் சத்தம் கேட்டதால் வந்த பாதிப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வேலையால் வந்த நோய்க்கான உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். வேலையில் இருந்தபோதே கேட்கும் திறன் குறைந்திருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள், உங்கள் பிரிவில் சோதனை ஏதும் நடந்ததா என்பதுதான் கேள்வி. நான் அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று எழுதினால் அடுத்த கேள்வி, அந்த அறைகளில் ஒலியின் அளவு என்னவாக இருந்தது என்பதாக இருக்கும். அளவை அமைப்பது எங்கள் பிரிவு. உற்பத்தி நெருக்கடியான ஒரு மாதத்தில், குறைகள் சீக்கிரம் காதில் படட்டும் என்று ஆறு அறைகளிலும் அளவை ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். நெருக்கடி முடிந்த பிறகு இறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் இறக்கவில்லை. அப்படியே மூன்று வருடம் ஓடியது. இதெல்லாம் நினைவுக்கு வந்த பிறகு ஒரே வரியில் பதில் அனுப்பினேன். எங்கள் பிரிவு அதிகாரபூர்வமாகக் காது சோதனை எதுவும் நடத்தியதில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை அக்காவிடமிருந்தே தெரிந்துகொண்டேன். ஒரு மாலை ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே காகிதங்கள். கொஞ்சம் இளைத்திருந்தார். கோபமாக வந்திருப்பார் என்று பயந்தேன். கோபமே இல்லை. ஏதோ கவனப்பிசகாக நடந்துவிட்டது, நேரில் வந்து ஞாபகப்படுத்தினால் சரிசெய்துவிடுவேன் என்று நம்பி வந்திருந்தார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "அந்தப் பேப்பர்ல என் நம்பர் போட்டு நீங்கதானே எழுதுனீங்க தம்பி. அது ஒன்னு போதும்லா" என்றார்.

"அது அஃபீஷியல் இல்லக்கா" என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தேன்.

அவர் ஓர் அடி கிட்டே வந்து என் உதடுகளைப் பார்த்தார். "சத்தமாச் சொல்லுங்க தம்பி. கேக்கல."

கம்பெனி பஸ் டிரைவர் பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். லைனில் வேலை செய்யும் இரண்டு தமிழ்ப் பெண்கள் பஸ் ஏறக் காத்திருந்தார்கள். நான் தலையை நிமிர்த்தி, அவருக்குக் கேட்கும்படி, வாசலில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்படி ஒரு டெஸ்ட் நடக்கலக்கா" என்றேன். சத்தமாகச் சொல்லும்போது பொய் இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிட்டது. முதலில் அதிகாரபூர்வமில்லை என்றவன் இப்போது நடக்கவேயில்லை என்றேன். அக்கா அசையாமல் நின்றார். இந்த முறை கேட்டுவிட்டது என்பது தெரிந்தது. பிளாஸ்டிக் உறையை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "சரி தம்பி. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போனார்.

இப்போது நான் அந்தப் பிரிவின் தலைவன். இயந்திரங்களை இரண்டு முறை மாற்றிவிட்டோம். முதல் வருடம் அவை பச்சைத் தட்டில் தள்ளியவற்றில் எத்தனையோ திரும்பி வந்தன. அக்காவின் விரல்கள் பிடித்ததை மைக் பிடிக்கவில்லை. அதைப் பற்றி அறிக்கை எழுதியவனும் நானே. இயந்திரம் பழகிக்கொண்டிருக்கிறது என்று எழுதினேன். கருவி விற்கும் கம்பெனி ஒன்று கொடுத்த, அன்று கடையில் பார்த்ததைவிட மூன்று மடங்கு விலையுள்ள ஆம்ப்ளிஃபையர் என் வீட்டு மேசையில் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. இணையக் குழுக்களில் இளைஞர்கள் தனி ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். நான் பதில் எழுதுவதற்கு முன்பு, ஒலியை வழக்கமாக எவ்வளவு தூரம் கூட்டி வைப்பீர்கள் என்று ஒரு கேள்வி கேட்பேன். நல்ல கேள்வி, இவர்தான் விஷயம் தெரிந்தவர் என்று யாராவது கீழே பாராட்டி எழுதுவார்கள். படித்துவிட்டு மூடிவிடுவேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சௌராஸ்தா மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். மீன்கடையில் எனக்கு நாலு அடி முன்னால் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. காதில் கருவி எதுவும் இல்லை. கடைக்காரர் விலையை இரண்டு முறை சொன்னார், பிறகு விரல்களால் காட்டினார். அக்கா தலையாட்டிவிட்டுப் பணத்தை நீட்டினார். கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது, ஐஸ்கட்டி உடைக்கும் சத்தம், பின்னால் மோட்டார் சைக்கிள்கள். இரண்டு எட்டு வைத்து அவர் முன்னால் போய் நின்றிருக்கலாம். தோளைத் தொட்டிருக்கலாம். நான் நின்ற இடத்திலிருந்தே "அக்கா" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. மீனை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

கூப்பிட்டேன், கேட்கவில்லை என்று அன்று மனைவியிடம் சொன்னேன். அவருடைய காதை அளந்தவன் நான். எந்த ஒலி எவ்வளவு சத்தத்தில் அவருக்கு எட்டும், எவ்வளவில் எட்டாது என்பது இன்றும் எனக்கு மனப்பாடம். எட்டாத அளவில்தான் கூப்பிட்டேன்.